ஈரலை வைத்துவிட்டு வந்த முயல்

யோங்பே முயல் வரைந்தே வீடு வாங்கியவன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவது அவன் தொழில். நிலாவுக்குள் உலக்கை பிடித்து மாவு இடிக்கும் முயல், புலிக்குப் புகைக்குழாய் ஏந்தி நிற்கும் முயல், டிவி கார்ட்டூனில் பல் தேய்க்கச் சொல்லிப் பாடும் முயல் என்று இருபது வருடமாக அவன் கையிலிருந்து நீளக் காது முளைக்காத நாளே கிடையாது. முயலுக்கு ஏன் இத்தனை மவுசு என்று கூட்டங்களில் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருப்பான். "முயல்னா நாமதாங்க. கொம்பும் இல்லாம நகமும் இல்லாம, பெரிய மனுஷங்ககிட்டேர்ந்து வாயாலயே தப்பிக்கிற சனம்." கைதட்டல் நிச்சயம்.

அந்த வசந்தத்தில் அவன் கையிலிருந்தது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. கடலுக்கடியில் இருக்கும் ராஜாவுக்குத் தீராத நோய். முயலின் ஈரலைத் தின்றால்தான் பிழைப்பார். ஆமை ஆசை காட்டி ஒரு முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. கத்தி தீட்டும் நேரத்தில் முயல் சிரிக்கிறது. ஐயையோ, ஈரலைக் கழுவிப் பாறைமேல் காயப்போட்டுவிட்டு வந்துவிட்டேனே, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்கிறது. ராஜா நம்பிவிடுகிறார். கரை தொட்டதும் முயல் ஒரே தாவலில் ஓடிவிடுகிறது. பிள்ளைகள் குதூகலிப்பார்கள். அதன் பிறகு ராஜா என்ன ஆனார் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் ஈரல் கெட்டுப்போனது.

அக்கா போன்சுன்னுக்கு ஐம்பத்தைந்து வயது. இஞ்சியோன் நகரத்துச் சந்தையில் தொக் கடை வைத்திருந்தாள். அரிசி மாவை அவித்து இடித்து, சிவப்புப் பயறு வைத்து, கல்யாணத்துக்கும் பிள்ளையின் நூறாம் நாளுக்கும் அந்தப் பலகாரத்தைப் பெட்டி பெட்டியாக அனுப்புவாள். அப்பா அம்மா போனபோது அவளுக்குப் பதினெட்டு, யோங்பேக்கு ஒன்பது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள் அவனை ஓவியக் கல்லூரிவரை படிக்க வைத்தாள். பிறந்தபோதே ஒட்டிக்கொண்ட காமாலைக் கிருமி சத்தமில்லாமல் அவள் ஈரலைத் தின்று முடித்திருந்தது.

உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் பாதி ஈரலைக் கொடுத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். அந்த நாட்டில் இது அதிசயமில்லை. மகன் அப்பாவுக்கும் மகள் அம்மாவுக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் கொடுப்பாயா என்று யோங்பேயை ஒருவரும் கேட்கவில்லை. ஆபரேஷன் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

பரிசோதனைக்கு அவன் வந்த அன்று அக்கா சீண்டினாள். பயந்தவனின் ஈரல் பயறளவுக்குச் சுருங்கிவிடும் என்று சொல்கிற ஊர் அது.

"உன் ஈரலே ஒரு பயறு சைஸுதான்டா இருக்கும். அதுல பாதிய வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"போக்கா."

"வர்ற வழியில பாறைமேல காயப்போட்டுட்டு வரலேல்ல?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். யோங்பேயும் சிரித்தான்.

ஒரு வாரம் கழித்து, தானம் கொடுப்பவர்களோடு தனியாகப் பேசும் நர்ஸ் அவனைக் கூப்பிட்டாள். எல்லாப் பரிசோதனையும் பொருந்தியிருந்தது.

"இனி உங்க விருப்பம்தான் சார். வேணாம்னு தோணினா இப்பவே சொல்லலாம். 'ஒத்துவரல'ன்னு மட்டும்தான் அக்காகிட்ட சொல்லுவோம். காரணம் வெளியில போகாது."

அந்தக் கதவு திறக்கும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. திறந்ததும் கால் தானாக ஓடியது. இரண்டு சின்னப் பெண்கள் இருப்பதைச் சொன்னான். தானம் கொடுத்த ஒருவர் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டதாகப் படித்ததைச் சொன்னான். உண்மையில் அவனுக்குப் பயம், அவ்வளவுதான். வயிற்றைக் கத்தி தொடுவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"வேணாம்" என்றான்.

நர்ஸ் கையிலிருந்த ஃபைலைச் சற்று நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போலிருந்தாள். பிறகு "சரி சார்" என்று மூடிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, தம்பியின் ஈரல் ஒத்துவரவில்லை என்றார். யோங்பே தலை நிமிரவில்லை. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல டாக்டர், பயறு சைஸுன்னு!"

வெளியே வந்து அவன் அழுதான். அக்கா தன் கைக்குட்டையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள், நாற்பத்தாறு வயசுக்காரன் மூக்கை. "அழுவாதடா கழுத, நீ என்ன பண்ணுவ?" என்று எதிர்க் கடையில் சூடாக நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அவளால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. அவன் கிண்ணத்தைக் காலி செய்தான். அன்றைக்குத் தனக்குப் பசித்ததை அவனால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ராஜாவை வரைய உட்கார்ந்தான். கண் மஞ்சளாக வந்தது, வயிறு வீங்கி வந்தது, கன்னம் ஒட்டி வந்தது. பதிப்பகத்துப் பெண் போனில் நொந்துகொண்டாள். "இது பிள்ளைங்கள அழ வெச்சிடும் சார். கோமாளி மாதிரி குண்டா போடுங்களேன், முயல்தானே ஹீரோ!" குண்டாகப் போட்டு அனுப்பினான். இத்தனை வருடம் மேடையில் பெரிய மனுஷன் பெரிய மனுஷன் என்று திட்டியது ஒரு நோயாளியைத்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கம் தாங்காமல் மேசையிலேயே கவிழ்ந்தான்.

ஜூன் மாதம் ஒரு காலையில் நர்ஸுக்குப் போன் செய்தான். "நான் தரேன். எப்ப வரணும்?" முந்தின நாளே அக்காவின் ரத்தத்தில் கிருமி பரவிவிட்டதாம். இனிமேல் கத்தி வைத்தால் உடம்பு தாங்காதாம். நான்காம் நாள் போன்சுன் போய்விட்டாள். கடைசிவரை நினைவு திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியை ஒட்டிய துக்கக் கூடத்தில் கறுப்புக் கோட்டும் கையில் துக்கப் பட்டையுமாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் யோங்பே குனிந்து வணங்கினான். சந்தைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து காரமான மாட்டுக்கறிச் சூப் குடித்தார்கள். தொக் கடைக்குப் பக்கத்தில் ஊறுகாய்க் கடை வைத்திருந்த மால்சுக் அவனை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இனியும் மறைக்க வேணாம்டா தம்பி. உன் ஈரல் ஒத்துவராம இல்ல. உங்கக்காதான் தடுத்தா."

"என்னக்கா சொல்றீங்க?"

"டாக்டர் சொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான்தான் அவள நர்ஸம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். 'வேணாம்னு சொல்லத் தெரியாத பய அவன், கேட்டா அறுத்துக் குடுத்துடுவான், ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு, ஒத்துவரலன்னு நீங்களே சொல்லிடுங்க'ன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சினா. நூடுல்ஸ் கடையில நீ அழுதத வந்து சொன்னாடா. 'குடுக்க முடியலன்னு எம் புள்ள எப்படி அழுதான் தெரியுமா'ன்னு ஒரு வாரம் அதே பேச்சு."

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். மீன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்" என்றார்.

"இல்லக்கா. நான் வேணாம்னு சொன்னேன். அந்த நர்ஸ்கிட்ட நானேதான் சொன்னேன். பயந்துட்டேன்."

"ஐயோ, உன்னை நீயே வெட்டிக்காதடா."

"நிஜமாக்கா. நான்தான் வேணாம்னேன்."

"துக்கத்துல உளறுறான், பாவம்" என்றார் மீன்காரர். யாரோ முதுகைத் தடவினார்கள். அவன் மூன்றாம் முறையும் சொன்னான், இந்த முறை சத்தமாக. மால்சுக் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையால் சூப்புக் கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"சாப்பிடுடா. உன் உடம்பு முழுசா இருக்கணும்னுதானே அவ போனா."