கதவுப் பக்கத்துச் சுவர்

எங்கள் கராஜில் என் கார் நின்று எட்டு வருடம் ஆகிறது. அங்கே குடியிருப்பது 1959-இல் செய்த ஒரு டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு என்று சொல்லித்தான் அதை வாங்கினோம். ஊர் ஊராக என்பதெல்லாம் பேச்சுக்கு. இந்த ஜூன் மாதம் வரை அது போன அதிகபட்ச தூரம், கராஜிலிருந்து வாசல், வாசலிலிருந்து மறுபடி கராஜ். விஸ்கான்சின் குளிரில் விடிந்தும் விடியாமலும் நான் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். அந்த மகாராணி உள்ளே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்குவாள்.

என் கணவன் லோவெல் சீஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன். எதையும் கழற்றுவான். திரும்பப் பூட்டுவதில்தான் அவனுக்கு அவசரம் கிடையாது. டிரெய்லரில் முதலில் கூரை ஒழுகியது. கூரையைச் சரிசெய்யப் போய்த் தரை உளுத்திருப்பதைக் கண்டுபிடித்தான். தரை முடிந்ததும் ஜன்னல்கள். ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் அவன் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், புதையல் எடுத்தவனுக்குக்கூட அப்படி வராது.

கடைசியில் மிஞ்சியது உள்சுவர். மழைநீர் இறங்கி இறங்கி, பழைய பிளைவுட் பலகைகள் கறுத்துப்போய், காபியில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தன. இந்தக் காலத்து டிரெய்லராக இருந்தால் உள்ளே நின்றபடியே பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிடலாம். இதை அந்தக் காலத்தில் உள்ளிருந்து வெளியே கட்டியிருக்கிறார்கள். முதலில் உள்சுவர், அதன்மேல் சட்டம், அதற்குள் குளிர் புகாமலிருக்கக் கண்ணாடிப் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியத் தகடு. அதனால் உள்சுவரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் வெளித்தோலை உரிக்க வேண்டும். லோவெல் உரித்தான். ஒரு குளிர்காலம் முழுக்க உரித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போன இடத்தில் நான் சொல்லிவிட்டேன்.

"ஜூன் மாசம் ஏரிக்கரைல பழைய டிரெய்லர்க்காரங்க கூட்டம் போடுறாங்கல்ல, அதுக்கு நாம போறோம்."

"போலாமே. உள்சுவர் முடிஞ்சிட்டா போலாம்."

"முடியலன்னா நான் அரிசோனாவுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அதைச் சொல்றதா இல்ல."

கையில் எடுத்த மீனை லோவெல் திரும்பத் தட்டில் வைத்தான்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எட்டு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு என்றால் டிரெய்லர் பேச்சு. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் நடந்ததை ஆரம்பித்தால், அது ஜன்னல் ரப்பரில் போய் முடியும். என் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வரும் வழியில், பழைய சாமான் கடை ஒன்றைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஒரு கீல் தேடினான். கிடைத்தது. நான் கறுப்பு உடையோடு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறடி அகல வீட்டுக்குள் எங்கள் இருவரையும் வைத்துக் கதவைச் சாத்தினால், உள்ளே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு எனக்கு நான்கு சுவர் தேவைப்பட்டது.

சாலைப் பக்கத்துச் சுவர், அதாவது கதவுக்கு எதிர்ச்சுவர், நன்றாகவே முடிந்தது. அடுத்து கதவுப் பக்கம். பழைய பலகையை உடையாமல் கழற்றி, புதிய பிர்ச் மரப் பிளைவுட் மேல் படுக்கவைத்து, ஓரம் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டு அறுக்க வேண்டும். குழந்தை கையை வைத்துப் படம் வரைவது மாதிரியான வேலை. புதிய பலகைக்கு ஒரு பக்கம் நல்ல பக்கம். பட்டுப்போல் ரேகை ஓடும். மறுபக்கம் கணுக்களை நோண்டி எடுத்துவிட்டு முட்டை வடிவத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். அது சுவருக்குள் மறையப்போகிற பக்கம், யாரும் கவலைப்படுவதில்லை.

கழற்றிய பழைய பலகையின் முதுகில் பென்சில் எழுத்து இருந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் எவனோ ஒருவன் 'கதவு' என்று கிறுக்கி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தான். அவ்வளவுதான். லோவெல் உடனே நார்பர்ட்டுக்கு ஃபோன் போட்டான்.

நார்பர்ட் எங்கள் வட்டாரப் பழைய டிரெய்லர் சங்கத்தின் தலைவர். எதைக் காட்டினாலும் "ஒரிஜினலா?" என்று கேட்பார். திருகாணி ஒரிஜினலா, திரைச்சீலை ஒரிஜினலா, கதவுப்பிடி ஒரிஜினலா. அவர் வாயில் இருக்கும் பல் மட்டும் ஒரிஜினல் இல்லை. பனிப்பொழிவையும் பொருட்படுத்தாமல் வந்து, பலகையின் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

"லோவெல்... இது தொழிற்சாலை கையெழுத்துப்பா."

"அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"இத மட்டும் தூக்கிப் போட்டுராத. என்ன அழுத்தம் பாரு அந்த அம்புக்குறியில!"

"நீங்க ரெண்டு பேரும் மெழுகுவத்தி ஏதாவது ஏத்தணும்னா சொல்லுங்க, வீட்டுல இருக்கு," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

பென்சில் எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று, பழைய பலகையை முதுகு மேலே தெரியும்படி புதிய பலகையின் நல்ல பக்கத்தின்மேல் படுக்கவைத்தார்கள். நார்பர்ட் பிடித்துக்கொண்டார். லோவெல் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு கோடு போட்டான். அந்த அம்புக்குறியைவிட்டு இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பழைய பலகை குப்புறக் கிடப்பதும், கோடு இடம் வலமாக மாறி விழுவதும் தெரிந்திருக்கும். என்னைக் கேட்காதீர்கள், நான் அதற்குள் காபி போடப் போய்விட்டேன். சங்கத் தலைவர் மேற்பார்வையில் நடக்கும் வேலையை ஒரு சமையல்காரி சந்தேகப்படலாமா?

அறுத்தாகிவிட்டது. அடுத்து அரக்கு பாலிஷ். கராஜ் குளிரில் அது காயாதாம். அதனால் பலகை எங்கள் சாப்பாட்டு அறைக்குக் குடிவந்தது. நாங்கள் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டோம். ஒரு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, மறுபடி பூச்சு. ஈஸ்டர் பன்றித்தொடை இறைச்சியில்கூட பாலிஷின் ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஆனால் பொய் சொல்லமாட்டேன், பலகை தேன் நிறத்தில் அப்படி ஜொலித்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. லோவெல் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். என்னை அப்படி உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பலகையைச் சுவரில் பொருத்தப் போனோம். நான் ஒரு முனை, அவன் ஒரு முனை. நல்ல பக்கம் உள்ளே தெரியும்படி தூக்கிப் பிடித்தோம். கதவுக்காக வெட்டிய ஓட்டை, கதவு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. படுக்கைக்கு மேலே இருந்தது. டிரெய்லரின் முன்பக்கத்துக்காக அறுத்த வளைவு பின்பக்கம் போயிருந்தது.

"திருப்பிப் பிடி," என்றேன்.

திருப்பினோம். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நூல் இடைவெளி இல்லை. என்ன, தேன் நிறப் பக்கம் வெளியே அலுமினியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே எங்களைப் பார்த்தது முட்டை ஒட்டுப் போட்ட பக்கம். அமெரிக்காவிலேயே அழகான சுவரை என் கணவன் கண்ணாடிப் பஞ்சு பார்த்து ரசிப்பதற்காகச் செய்திருந்தான்.

லோவெல் பலகையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"சரி. இந்த மாதிரி பலகை இனிமே ஆர்டர் குடுத்துத்தான் வரணும். வந்து, அறுத்து, பாலிஷ் போட்டு... அடுத்த வருஷம் பாத்துக்கலாம் ஆர்டிஸ்."

அவன் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் வருத்தம் இல்லை. நிம்மதி இருந்தது. பல் டாக்டர் ஃபோன் செய்து, இன்றைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் ஒரு முகம் வருமே, அந்த முகம். இந்த மனிதன் வேலை முடியக் கூடாது என்றுதான் எட்டு வருடமாக வேலை செய்திருக்கிறான்.

"உனக்குப் போகவே வேணாம், இல்ல?"

"யாரு சொன்னது?"

"உன் மூஞ்சி சொல்லுது."

பெஞ்சின் மேலிருந்த ஸ்டேப்ளர் துப்பாக்கியை எடுத்தேன். பலகையைத் தனியாகவே நிமிர்த்தி, தோளை முட்டுக்கொடுத்து, முட்டை ஒட்டுகள் உள்ளே தெரியும்படி சட்டத்தோடு அழுத்தினேன். டப். முதல் பின் இறங்கியது.

"ஏய்! என்ன பண்ற நீ? அது பின்பக்கம்!"

"தெரியும். நானும் எட்டு வருஷமா உன் பின்பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். செத்தா போயிட்டேன்?"

"ஆர்டிஸ், பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வந்து அந்த முனையைப் பிடி. இல்லன்னா தள்ளி நில்லு. ரெண்டுல ஒண்ணு செய்."

டப். டப். தோளை முட்டுக்கொடுத்தபடி அடித்ததில் மூன்றாவது பின் கோணலாக இறங்கியது. கோணல் பின்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க லோவெலால் முடியாது. வந்து அந்த முனையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் கீழ... இப்ப அடி," என்றான். அந்த ஒரு வாரத்தில் அவன் வெளித்தோலை மாட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கத்துக்கு நான் பழைய பனியன் துணியால் ஒரே ஒரு பூச்சு அரக்கு தடவினேன். திட்டுத்திட்டாக வந்தது. சாலைப் பக்கம் அரண்மனை, கதவுப் பக்கம் கோழிக்கூடு.

ஏரிக்கரைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மதியம் எல்லா டிரெய்லர் கதவும் திறந்திருக்க வேண்டும். யாரும் யார் வீட்டிலும் ஏறலாம், அலமாரியைத் திறந்து பார்க்கலாம், "அருமை" என்று சொல்லலாம், இறங்கிப் பத்தடி போனதும் குறை சொல்லலாம். லோவெல் காலையிலிருந்தே சாசேஜ் சுடும் அடுப்புப் பக்கம் போய் ஒளிந்துகொண்டான். நான் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

நார்பர்ட் ஏறி வந்தார். சாலைப் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஆர்டிஸ்... இது பின்பக்கம்மா."

"ஆமா."

"நல்ல பக்கம் எங்க?"

"வெளிய. அலுமினியத்துக்குள்ள. நீங்கதான பிடிச்சீங்க, மறந்துட்டீங்களா?"

அவர் வாய் திறந்தது, மூடியது. அம்புக்குறி ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இது... ஒரிஜினல்தான்," என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார். அன்று முழுக்க யாரிடமும் எங்கள் சுவரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தலைவருக்கும் தெரிந்திருக்கிறது, எதைப் பேச வேண்டும், எதை முழுங்க வேண்டும் என்று.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அவரவர் டிரெய்லருக்குள் ஓடினார்கள். லோவெலும் நனைந்தபடி ஏறி வந்து கதவைச் சாத்தினான். சாத்தியதும் டார்ச்சை எடுத்தான். கூரை மூலை, ஜன்னல் ஓரம், படுக்கைக்கு அடியில், கதவுச் சட்டம், எல்லா இடத்திலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"ஒழுகல," என்றான். ஏதோ துக்கச் செய்தி சொல்கிறவன் மாதிரி.

"நல்லது."

"எங்கயுமே ஒழுகல."

மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். தகடுமேல் மழை தடதடத்தது. எத்தனையோ முறை நான்தான் ஆரம்பித்திருக்கிறேன், இந்த முறை அவன் ஆரம்பிக்கட்டும் என்று இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அவனுக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்து, "அந்தக் கூரை மேல..." என்றான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டான். இரண்டு கோப்பையில் ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்து, என் கோப்பையில் ஒரு ஸ்பூன் போட்டான்.

"உனக்கு ரெண்டு ஸ்பூன்தானே?"

"நான் சர்க்கரையை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, லோவெல்."

இரண்டாவது ஸ்பூன் அப்படியே நின்றது.

"டாக்டர் சொன்னாரா?"

"ஆமா."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன். ஆஸ்பத்திரிலருந்து நேரா கராஜுக்குத்தான் வந்தேன். நீ டிரெய்லருக்கு அடியில படுத்திருந்த. சர்க்கரை வியாதின்னு சொன்னேன். 'அந்த அரை இஞ்ச் ஸ்பேனரை எடு'ன்ன. எடுத்துக் குடுத்தேன்."

சொல்லும்போது குரல் உடையாது என்றுதான் நினைத்திருந்தேன். உடைந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

லோவெல் ஸ்பூனைக் கீழே வைத்தான். பிறகு கதவைத் திறந்து, என் கோப்பையிலிருந்த காபியை மழையில் கொட்டினான். கோப்பையைக் கழுவிப் புதிதாக ஊற்றி, ஒன்றும் போடாமல் என் முன்னால் வைத்தான். எதிரில் உட்கார்ந்தான்.

"வேற என்னெல்லாம் சொன்ன," என்று கேட்டான், "நான் அடியில படுத்திருந்தப்ப?"

"நிறைய."

இன்னும் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அணைத்து வைத்தான்.

"சொல்லு," என்றான்.