கடல் மணலில் பூசிய வீடு

1942-ஆம் வருஷம் புரட்டாசிப் பௌர்ணமியன்று சாயங்காலம், சாந்தோமுக்குத் தெற்கே கடைசிச் சந்தில் இருந்த ஜமீலுன்னிசாவின் வீடு ஒரு கட்டைவண்டி அகலத்துக்குக் கடல் பக்கம் நகர்ந்தது. சுவரில் விரிசல் விழவில்லை. அடுப்பில் இருந்த குழம்பும் சிந்தவில்லை. கிணறும் முருங்கை மரமும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. சந்தின் கிழக்குக் கோடி வீடு, அதற்கப்பால் வெறும் மணல்தான் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

காரணம் பூச்சு. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் வீட்டைத் தயார் பண்ணியாக வேண்டும். உப்புக்காற்றில் பொரிந்த காரையைக் கொத்திப் புதிதாகப் பூச வேண்டும், கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட வேண்டும், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் காக்காய் அடைத்த சுள்ளிகளை இழுத்துப் போட வேண்டும். அந்த வருஷம் பல பேர் எதையும் செய்யவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சித்திரையில் ஊரே காலியாகி, போனவர்களில் பாதிப் பேர் திரும்பியிருக்கவில்லை. ஜமீலுன்னிசா போகவே இல்லை. அவள் புருஷன் ஹபீபுர் ரஹ்மான் ரங்கூனில் லுங்கிக் கடை வைத்திருந்தான். அங்கே குண்டு விழுந்த பிறகு அவனைப் பற்றித் தகவல் கிடையாது. காட்டுவழியாக நடந்தே தப்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவனும் வருவான், வரும்போது பொரிந்த சுவரைப் பார்க்கக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. ஆனால் ஆற்று மணல் ஏற்றும் வண்டிகள் எல்லாம் யுத்த வேலைக்குப் போயிருந்தன. கொத்தனார் அய்யாதுரை தை மாசம் வரைக்கும் பொறுக்கச் சொன்னார். வாசலிலேயே மணல் கொட்டிக் கிடக்கும்போது எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். கடல் மணலில் பூசக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும். ஒரு தடவைதானே என்று இருவரும் நினைத்தார்கள்.

பூச்சு காய்ந்த வாரமே சுவர்களுக்கு ஓதம் வந்துவிட்டது. கடல் ஏறினால் சுவர் நனையும், இறங்கினால் காயும். ஆணி அடித்த ஓட்டையிலிருந்து நண்டுக்குஞ்சு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வீடு கிளம்பி, தடவைக்குத் தடவை கூடுதல் தூரம் போய் நிற்கும். கிணறு தூரமாகிக்கொண்டே போனதில் ஜமீலுன்னிசாவுக்கு இடுப்பு வலி கண்டது.

பக்கத்து வீட்டு வீணை டீச்சர் விசாலாக்ஷி கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பக்கத்தில் வெறும் வெயில்தான் இருந்தது. மணலில் நடந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏண்டி ஜமீலா, ஊரை விட்டு ஓடினவா எல்லாம் திரும்பி வந்துண்டிருக்கா, உங்காம் மட்டும் இப்பத்தான் கெளம்பறதா?"

"இன்னா பண்றது மாமி, அதுக்கு லேட்டாத்தான் பயம் வந்துச்சு போல."

நொச்சிக்குப்பத்துக் கட்டுமரக்காரர்களுக்குத்தான் கஷ்டம். கடலுக்குள் போனால் அந்த வெள்ளைச் சுவரையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் வலை போடும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். சுவர் நகர்ந்ததில் வலைகள் பாறையில் மாட்டிக் கிழிந்தன. ஒரு மீன்காரி கூடையோடு வந்து வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னா பாயம்மா, உன் ஊட்ட நம்பி வலையப் போட்டு என் ஊட்டுக்காரன் நொந்து போய்க் கீறான். ஒரே எடத்துல நிக்கச் சொல்லு அத்த!"

"நான் சொன்னா கேக்குதா? நீயே சொல்லிப் பாரேன்."

மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுவர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் தானும் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். "அட, இது ரங்கூனுக்குல்ல போய்க்கினு கீது! உன் ஆள இட்டாரப் போவுது."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம் ஜமீலுன்னிசா வீட்டைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய சட்டைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மழைத்தண்ணீரில் சுவரை ஊறவிட்டால் உப்பு இறங்கி வீடு நின்றுவிடும் என்று அய்யாதுரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த புரட்டாசியில் அலை பின்கட்டுப் படியை நக்கியது. இன்னும் ஒரு பௌர்ணமி வந்தால் வீடு தண்ணீரில் இறங்கிவிடும். அவளுக்குப் பயமாக இல்லை, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றைக்குத் தண்ணீருக்குப் போனவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் நிமிர்ந்தாள். அவன் நடந்து வந்தால் இங்கேதான் வந்து நிற்பான். அங்கிருந்து பார்த்தால் வீடு மணலுக்கு அப்பால் சோற்றுப் பருக்கை அளவுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அதுவும் தெரியாது. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு அய்யாதுரையைக் கூப்பிடப் போனாள்.

அந்த ஐப்பசியில் மெட்ராஸ் முழுக்க ஜனங்கள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது, ஜமீலுன்னிசாவின் வீட்டில் மட்டும் பூச்சு மொத்தத்தையும் கொத்தி, கதவு ஜன்னல்களைக் கழற்றிச் செங்கல்லை மழைக்குத் திறந்து விட்டார்கள். கூவமும் அடையாறும் கரை தாண்டிய மழை அது. அவள் குடை பிடித்துக்கொண்டு அடுப்பு மூட்டினாள். தினமும் சுவரில் வழியும் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதலில் கரித்தது, பிறகு சப்பென்று ஆயிற்று. மழை விட்ட காலையில் இனித்தது. வீடு பாரம் இறக்கிய மாடு மாதிரி மூச்சு விட்டு மணலில் உட்கார்ந்தது. அடுத்த பௌர்ணமிக்கு அது கிளம்பவில்லை. பின்கட்டுக்கு வந்த அலையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஆற்று மணல் கிடைத்ததும் அய்யாதுரை திரும்பப் பூசி, கதவு ஜன்னல்களை மாட்டினார். கட்டுமரக்காரர்கள் வலை போடும் இடங்களைப் புதிதாகக் குறித்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்து மறுவருஷம், ஒரு புரட்டாசி மத்தியானம், தகரப் பெட்டியோடு ஹபீபுர் ரஹ்மான் சந்துக்குள் வந்தான். கிணறு இருந்தது, வீடு இல்லை. தண்ணீர் இறைத்து முகம் கழுவினான். ஜன்னலில் இருந்த விசாலாக்ஷிக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"உங்காம் கெழக்க இருக்கு. நேரா போங்கோ, ஜமீலா இருக்கா."

ரங்கூனில் அவன் பார்த்ததற்கு இது பெரிய விஷயமில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தான். ஜமீலுன்னிசா சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தாள். கையை உதறவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவன்தான் பேசினான்.

"இன்னா, இவ்ளோ தூரம் வந்து கட்டிக்கீற?"

"கட்டல. அதுவா வந்துச்சு. கடல்ல எறங்கி உங்கள இட்டாரப் பாத்துச்சு. நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

"ஏன் நிறுத்தின?"

"நீங்க நடந்து வந்தீங்கன்னா?"

"நான் கப்பல்லதானே வந்தேன்."

"அப்போ வுட்டிருக்கலாம்," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவன் பெட்டியை இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி, சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். மழைக்கு நாள் அதிகம் இல்லை. கார்ப்பரேஷன் ஆள் வந்து புதுக் கதவு எண் அடித்துவிட்டுப் போனார். ஹபீபுர் ரஹ்மானுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு குறைதான். டிராம் பிடிக்க ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருந்தது.