ரூலி

அபிஷா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமை ஸ்ட்ரோம்ஸ்டாட்டுக்குக் கப்பலிலை போவம். கலைமாலை விசயமும் கதைச்சு முடிச்சிடலாம்."

'போவம்' என்பதை நான் இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் ஒருமையும் பன்மையும்தான் உண்டு, இரண்டு பேருக்கென்று தனியாக ஒன்றும் இல்லை என்பதைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பரீட்சையில் புள்ளியும் எடுத்தவன் நான். படிப்பு வாழ்க்கைக்கு உதவாது என்று அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது.

கலைமாலை என்பது ஒவ்வொரு பெப்ரவரியும் லில்லெஸ்ட்ரோமில் ஒரு மண்டபம் எடுத்து நோர்வேத் தமிழ் மாணவர்கள் நடத்தும் நிகழ்ச்சி. அதற்கு இரண்டு அறிவிப்பாளர்கள். போன இரண்டு தடவையும் அபிஷாவும் நானும். சனம் வருவது நடனத்துக்கும் கொத்துரொட்டிக்கும் என்றாலும், இடையில் நாங்கள் விடும் பகிடிக்குத்தான் மண்டபம் சிரிக்கும். அதுவல்ல விசயம். மேடைக்குப் பின்னால் அவள் என் கொலரைப் பிடித்து இழுத்து, "ஆடாமல் நில்லு" என்று சொல்லி மைக் பூட்டுவாள். அந்த ஒரு நிமிடத்துக்காக மிச்ச வருடத்தைப் பல்கலைக்கழகத்தில் போக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை அறிவிப்பாளர் யார் என்று இன்னும் சொல்லவில்லை. அவள்தான் தலைவி, அவள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தலைமயிர் வெட்டி, நவம்பருக்குப் பொருந்தாத ஒரு சேர்ட்டும் போட்டு, காலை ரயிலில், சுவீடனுக்குக் கப்பல் வெளிக்கிடும் சாண்டெபியோர்ட் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அபிஷா நின்றாள். பக்கத்தில் ஒருவர் நின்றார். உயரமாக.

"சயூ, இவர் அருட்செல்வம். மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர். திண்டுக்கல்."

"வணக்கம் ப்ரோ," என்றார் அவர்.

எனக்குச் சகோதரர்கள் இல்லை. திராமனில் ஒரு அக்கா இருக்கிறா, அவவே போதும். "வணக்கம்," என்றேன்.

"ஷாப்பிங்கா ப்ரோ? இவ்ளோ பெரிய பை?"

"அம்மாவுக்குக் கோழிக்கால் வாங்க வேணும். சுவீடனிலை மலிவு. மறந்தால் அம்மா பேசுவா."

"பேசினா நல்லதுதானே ப்ரோ. எங்கம்மா வாரத்துல ஒரு நாள்தான் பேசுவாங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பேசுவதென்றால் திட்டுவது. கதைப்பதற்குத்தான் கதைப்பது என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறோமே. இதை அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம். ஆனால் என் அம்மா நாள் முழுக்க மகனோடு அன்பாக உரையாடுபவர் என்று திண்டுக்கல் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கப்பலில் யன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. அபிஷா அவரிடம், "நீங்கள் யன்னல் பக்கம் இருங்கோ," என்றாள். என்னிடம், "நீ தள்ளு," என்றாள். நான் தள்ளினேன். தள்ளியபடி யோசித்தேன். அவரை நீங்கள் என்கிறாள், என்னை நீ என்கிறாள். நல்லது, நான்தான் நெருக்கம். ஆனால் எங்கள் வீடுகளில் மனுசிமார் புருசன்மாரை நீங்கள் என்றுதான் கூப்பிடுவினம். கோப்பி வாங்கப் போனவன் அதை வாங்காமல் திரும்பி வந்தேன்.

அருட்செல்வம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் பேசவில்லை. பிறகு கழிவறைப் பக்கம் எழுந்து போனார்.

"ஆள் எப்பிடி?" என்றாள் அபிஷா.

"உயரம்."

"சரியான ரூலி, என்ன?"

நோர்வேயில் ரூலி என்றால் அமைதி. அலட்டல் இல்லாத, பதற்றம் இல்லாத ஆள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அமைதியான ஆளை யாரும் அறிவிப்பாளராக்க மாட்டார்கள். அமைதியான ஆளை யாரும் காதலிக்கவும் மாட்டார்கள், அப்பா அம்மாதான் பார்த்துக் கட்டிவைக்க வேண்டும். "ஓம், நல்ல ரூலி," என்றேன் பெருந்தன்மையாக. இப்போது எழுந்துபோய்க் கோப்பி வாங்கினேன்.

வாங்கித் திரும்பும்போதுதான் மண்டைக்குள் மணி அடித்தது. அபிஷா போன வருடத்தின் இரண்டாவது அரையாண்டைச் சுவீடனில், கோத்தன்பர்க்கில் படித்துவிட்டு வந்தவள். வந்ததிலிருந்து பாதி சுவீடிஷ். சுவீடனிலும் ரூலி உண்டு, எழுத்தும் அதுவே. ஆனால் அங்கே அதற்குப் பகிடியான, சிரிப்பு மூட்டும் என்று பொருள்.

அமைதியான ஆளோடு நான் ஒரே கப்பலில் வாழ்ந்துவிடுவேன். பகிடியான ஆளோடு முடியாது. என்னிடம் உயரம் இல்லை, உத்தியோகம் இல்லை, பியோர்ண்டாலில் அப்பா அம்மாவின் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. பகிடிதான் என் ஒரே சொத்து. அதிலும் ஒருவர் கை வைத்தால் நான் எங்கே போவது?

"எப்பிடி ரூலி எண்டுறாய்?" என்று கேட்டேன்.

"இருந்து பார். விளங்கும்."

இருந்து பார்த்தேன். ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு வந்தது. முதலில் நோர்வேஜியன், பிறகு சுவீடிஷ், பிறகு ஆங்கிலம். திரும்பி வந்து உட்கார்ந்திருந்த அருட்செல்வம் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரே விஷயத்த மூணு வாட்டி சொல்றாங்க. எங்க ஊர்ல டாக்டர் அப்படித்தான் சொல்வார், ஆள் பொழைக்காதுன்னா," என்றார்.

அபிஷா சிரித்தாள். மேசையில் கையை வைத்து, தலையைக் குனிந்து. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். இரண்டு கலைமாலைகளில் அதை ஒரே ஒரு தடவை வாங்கியிருக்கிறேன், அதுவும் நான் மேடையில் வயரில் தடுக்கி விழுந்தபோது.

ஸ்ட்ரோம்ஸ்டாட்டில் இறங்கினோம். துறைமுகத்தில் படகுகளை வெள்ளைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கடற்கரையில் உட்காரும் வாங்குகள் எல்லாம் காலி. ஒரு கடல்காகம் எங்களைப் பார்த்து, வேலை ஒன்றும் இல்லாததால் தொடர்ந்தும் பார்த்தது. கோடையில் ஆள் நெரிசல் என்பார்கள், இப்போது நாங்கள்தான் நெரிசல்.

"என்ன ஒரு ரூலியான ஊர்," என்றாள் அபிஷா.

நான் நின்றுவிட்டேன். இந்த ஊரைப் பகிடியான ஊர் என்று சொல்ல யாருக்கும் வராது. ஆகவே அவள் வாயில் ரூலி நோர்வேஜியன்தான். ஆகவே அருட்செல்வம் அமைதியான ஆள். இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரையிலும் எழுதியதில்லை. குளிரவில்லை. சேர்ட் கூடப் போதுமாக இருந்தது.

பூட்டியிருந்த ஒரு சிறு கடையைக் கடந்தோம். அதன் பலகையில் பெரிதாக 'கிளாஸ்' என்று எழுதியிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதிலும் கிளாஸ். அருட்செல்வம் இரண்டையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஊர்ல மனுஷங்களே இல்ல. ஆனா டம்ளருக்கு மட்டும் இத்தன கடை."

அபிஷா படகு கட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு நம்பிக்கை போகவில்லை. இது பகிடி அல்ல, அறியாமை. அறியாமையை அன்போடு திருத்த வேண்டும். "சுவீடிஷிலை கிளாஸ் எண்டால் ஐஸ்கிரீம்," என்றேன்.

"தெரியும் ப்ரோ."

நான் கடல்காகத்தைப் பார்த்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மதியம் வரை இப்படியே போனது. கோழிக்கால் வாங்கினேன். அதைப் பற்றி மூன்று பகிடி விட்டேன். முதலாவதுக்கு அருட்செல்வம் மட்டும் சிரித்தார், மரியாதைக்கு. பொறாமைப்படுகிறவனுக்கு எதிரியின் மரியாதை மாதிரி ஒரு தண்டனை இல்லை. மற்ற இரண்டுக்கும் அவரும் சிரிக்கவில்லை.

திரும்ப முன் துறைமுகத்தில் ஒரு அம்மா இறால் விற்றுக்கொண்டிருந்தா. அரைக் கிலோ கேட்டேன். எனக்கு அப்போது ஒரே எண்ணம்: போவதற்குள் அபிஷாவைச் சிரிக்க வைக்க வேண்டும். பகிடிக்கு வழி பார்த்தபடி, முதலில் மரியாதையாகக் கதையைத் தொடங்குவோம் என்று நோர்வேஜியனில் சொன்னேன்: "உங்கள் ஊர் நல்ல ரூலி."

அந்த அம்மா அகப்பையைக் கீழே வைத்தா. "உண்மையாகவா?"

"ஓம். இவ்வளவு ரூலியான இடத்தை நான் கண்டதில்லை."

"நவம்பரில் இதை ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை," என்றா. கண் கலங்கின மாதிரித்தான் இருந்தது. "அப்படி என்ன செய்தீர்கள்?"

"நடந்தோம்."

அவ யோசித்தா. பிறகு இன்னும் ஒரு கை இறாலை அள்ளிப் பையில் போட்டா.

பின்னால் அபிஷாவுக்கு மூச்சு வரவில்லை. சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டாள். நான் விடவேண்டிய பகிடி இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருட்செல்வத்துக்கு விளங்கப்படுத்தினாள். நோர்வேயிலை ரூலி எண்டால் அமைதி, இஞ்சை ரூலி எண்டால் பகிடி. பாவம் அந்த மனுசி, செத்த ஊரைப் போய்ப் பெரிய கொண்டாட்டம் எண்டு சொல்லிப்போட்டான்.

அருட்செல்வம் தலையாட்டினார். "அப்ப போன வாரம் என்னை ரூலின்னு சொன்னீங்களே, அது எந்த ரூலி?"

நான் இறால் பையை இறுக்கிப் பிடித்தேன். காலையிலிருந்து நான் கேட்கத் தைரியமில்லாமல் சுமந்து திரிந்த கேள்வி. இந்த ஆள் ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டுவிட்டார்.

"நோர்வேயிலை சொன்னால் நோர்வேஜியன், சுவீடனிலை சொன்னால் சுவீடிஷ்," என்றாள் அபிஷா.

"கப்பலிலை சொன்னால்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

திரும்பும் கப்பலில் கடல் கொஞ்சம் எழும்பியது. அருட்செல்வம் முகம் வெளுத்து, வாங்கில் சரிந்துவிட்டார். அமைதியும் இல்லை, பகிடியும் இல்லை. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் அபிஷா என் ஜாக்கெட்டைப் பிடித்து மேல்தட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"காலமையிலை இருந்து பாக்கிறன். அந்தாளை ஏன்டா குத்திக்கொண்டு திரியிறாய்? ஒரு சொல்லு ஒழுங்காக் கதைச்சனியே? உனக்கு வெக்கமா இல்லையே? வந்த ஆளுக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது. உன்னை நம்பித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

காற்று பாதியை எடுத்துக்கொண்டு போனாலும் மிச்சமே போதுமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றேன். "என்ரை இடத்திலை அவரை நிப்பாட்டப் போறாய்."

"உன்ரை இடத்திலை ஆர் நிப்பாட்டினது? என்ரை இடத்திலை."

கப்பல் ஒருமுறை ஏறி இறங்கியது.

"கோத்தன்பர்க்கிலை எனக்கு மாஸ்டர்ஸ் கிடைச்சிட்டுது சயூ. ஜனவரியிலை போறன். ரெண்டு வருசம். பிறகு வேலையும் அங்கையாத்தான் இருக்கும். கலைமாலைக்கு நான் இல்லை. உன்னோடை நிண்டு ஈடுகுடுக்க ஒரு ஆள் வேணுமே. மற்ற எல்லாரும் உன்ரை பகிடிக்குச் சும்மா பல்லுக் காட்டுவினம். இவர் திருப்பித் தருவார். அதுதான் ரெண்டு பேரையும் ஒரு நாள் ஒண்டா விட்டுப் பாப்பம் எண்டு."

ஆகவே நாள் முழுக்க நான் தவறான ஆள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு ஊர்மேல் பட்டிருக்க வேண்டியது. ஊரை எப்படி வெல்வது? அதற்கு முகம் வெளுக்காது, அது வாங்கில் சரியாது.

"மைக் ஆர் பூட்டுறது?" என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. அங்கை உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"சரியான ரூலி," என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி.

எந்த ரூலி என்று நான் கேட்கவில்லை.

உள்ளே வந்தோம். அருட்செல்வம் கண்ணைப் பாதி திறந்தார். "பேசிட்டீங்களா?"

"ஓம்," என்றாள் அபிஷா, இன்னும் கோபம் ஆறாமல். "நல்லாப் பேசிப்போட்டன்."

"ரொம்ப சந்தோஷம்." அந்த வெளிறிய முகத்தில் உண்மையான சந்தோசம். கை நீட்டி என் கையைப் பிடித்தார். "நல்லா பேசினாங்களா ப்ரோ?"

"ஓம் ப்ரோ," என்றேன். "என்னை இவ்வளவு நல்லா இதுவரைக்கும் ஒருத்தரும் பேசினதில்லை."

அபிஷா மேசையில் கையை வைத்தாள். தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. நிறைய நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். அது முழுக்கச் சிரிப்புத் தண்ணீரா என்று நான் ஆராயவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சொல்லை ஆராய்ந்தது போதும்.

"இதுல என்னங்க சிரிப்பு?" என்றார் அருட்செல்வம்.

அவள் சொன்னாள். பேசுவது என்றால் எங்களுக்கு என்னவென்று. அவர் முழங்கையை ஊன்றிப் பாதி எழும்பினார்.

"அப்ப காலையில, கோழிக்கால் மறந்தா அம்மா பேசுவாங்கன்னு சொன்னது..."

"ஓம்."

"நான் வேற நல்லதுன்னு சொன்னேன்."

"ஓம்."

"ப்ரோ, மேடையில இதத்தான் முதல்ல வைக்கணும். நீங்க வந்து, எங்கம்மா தினமும் என்னைப் பேசுவாங்கன்னு சொல்லுங்க. நான் குடுத்து வச்சவர்ங்கறேன். அங்கேருந்து ஆரம்பிப்போம்."

நல்ல தொடக்கம். மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கும். அது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி அடித்தது. மூன்று பேரும் நிமிர்ந்தோம். முதலில் நோர்வேஜியன், பிறகு சுவீடிஷ், பிறகு ஆங்கிலம். மூன்றிலும் கரை வந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். அபிஷா எழுந்து, கோழிக்கால் பையைத் தூக்கி, எழும்பி நின்ற என் கையில் தந்து, கலைந்திருந்த என் கொலரை ஒருமுறை இழுத்துவிட்டாள்.

"ஆடாமல் நில்லு," என்றாள்.

கப்பல்தான் ஆடியது.