மூன்றாவது பலகை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் பிறந்தது.

என் ஸ்கூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, பொழுது போகாமல் மெக்கானிக் ஷெட்டின் பின்பக்கம் போனேன். அங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர் டப்பாவின் மேல் வலது காலைத் தூக்கி வைத்தார். இறக்கினார். டப்பாவின் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். மறுபடி தூக்கினார்; கால் பாதியில் நின்றது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தபோதுதான் என்னைக் கவனித்தார்.

"சும்மா... எக்சர்சைஸ்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்கூட்டரை மறந்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன். இனி வருவதில் பாதி பார்த்தது, பாதி புளுகு. எது எந்தப் பாதி என்று கேட்டால் நானும் எக்சர்சைஸ் என்றுதான் சொல்வேன்.

2.

தொடக்கம் ஒன்று: "அந்த பிக்கப் வண்டிக்கு வயது இருபத்தாறு. ஒரு காலத்தில் நீலமாக இருந்த..." (இப்படிப் போனால் வண்டியை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள்.)

தொடக்கம் இரண்டு: "ஷாக் அப்சார்பர் என்பது, பள்ளத்தில் விழுந்து குதிக்கிற ஸ்பிரிங்கைப் பார்த்து, போதும் அடங்கு என்று..." (வாக்கியம் நன்றாகத்தான் போனது. உள்ளே ஆள்தான் இல்லை.)

தொடக்கம் மூன்று: "எத்தனை இஞ்ச் ஏத்தணும்னு நீங்க முடிவா சொன்னாத்தான், எந்த நீளத்துல ஷாக் எடுக்கிறதுன்னு நான் பார்க்க முடியும்க்கா."

இது மெக்கானிக் பேசியது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அவன் அக்கா என்றது தேன்காரியை. பூக்கிற தோட்டங்களுக்குத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பது அவள் தொழில். வண்டி ஓட்டுவதும் அவள்தான். பெட்டி செய்வதும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதும், வழியிலிருக்கும் ஏழு கேட்டுக்கும் இறங்கித் திறந்து, மூடி, மறுபடி ஏறுவதும் அவள் வீட்டுக்காரர் வேலை. முப்பத்தொரு வருஷமாக இதே ஏற்பாடு. வீட்டுக்காரர் யாரென்று கேட்கிறீர்களா? நம் டப்பாக்காரர்தான்.

மெக்கானிக் வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டான். நல்ல ஷாக் என்றால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இது நாலு தடவை தலையாட்டியது. போன வருஷம் இந்த ஆட்டத்தில் தேனீக்கள் போய் இறங்கும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தன. தோட்டத்துக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தார். போதாததற்கு, தோட்டப் பாதையின் நடுவில் ஒரு கல். சைலென்சர் குழாய் அதில் உரசாமல் போனதே இல்லை. வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் தப்பும். சனிக்கிழமை பெட்டிகள் போயாக வேண்டும்.

[கல்லை உடைத்தால் என்ன என்கிறீர்கள். வெளியே தெரிவது அதன் மொட்டைத் தலைதான். உடம்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வண்டிக்குப் படி பொருத்தலாமே? அந்தப் படிதான் முதலில் கல்லில் இடிக்கும். எனக்கும் இதெல்லாம் தோன்றாமல் இல்லை.]

"மூணு இஞ்ச் ஏத்திருப்பா" என்றார் டப்பாக்காரர், யாரும் அவரைக் கேட்பதற்கு முன்பே. வெறும் வீறாப்பு.

முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதைச் சொன்னால் அந்த சீட்டில் வேறு ஆள் உட்காரும். வீட்டில் ஆணி அடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டாலும், உயர்த்திய வண்டியில் ஏற முடியாது. ஆகவே யாருக்கும் தெரியாமல் டப்பாவில் பழகி ஜெயித்துவிடலாம் என்பது அவர் திட்டம். திட்டம் செங்கல்லோடு நின்றுபோனதை நாம் பார்த்தோம்.

(இங்கே எனக்கு ஒரு சங்கடம். நான் பார்த்ததை தேன்காரியிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் கதை இந்தப் பத்தியிலேயே படுத்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். கதை எழுதுகிறவனை நம்பி யாரும் ரகசியம் சொல்லக் கூடாது என்பார்கள். நான் காப்பாற்றினேன், சுயநலத்துக்காகத்தான்.)

4.

மெக்கானிக் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தான்.

"வண்டி காலிதானே மாமா?"

"காலிதான், காலிதான்."

"பின்னாடி ரொம்பப் படுத்துருச்சே. புது ஸ்பிரிங்கே வேணும்போல..." என்று அடியில் புகுந்தவன், கழுத்தைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். "அக்கா, உங்க வண்டி மணல் கக்குது!"

பின்தட்டில் அடித்திருந்த பலகைகளைப் பெயர்த்தார்கள். கீழே ஆறு மணல் மூட்டை.

டப்பாக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எட்டு வருஷத்துக்கு முன்னால், வண்டி குதிக்கிறதே என்று அவரேதான் மூட்டை வைத்தார். பெட்டிகள் சமமாக நிற்க, மேலே அவரேதான் பலகை அடித்தார். அவரேதான் மறந்தும் போனார்.

"எட்டு வருஷம்!" தேன்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ல உள்ள தோட்டத்துக்கெல்லாம் மண்ணைச் சுமந்துட்டுப் போய், திரும்ப பத்திரமா வீட்டுக்குக் கொண்டாந்திருக்கோம்!"

மூட்டைகள் இறங்கியதும் வண்டி தானாகவே பின்பக்கம் எழுந்தது. மெக்கானிக் மறுபடி அளந்தான். "ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. நாலு பக்கமும் ஒண்ணரை இஞ்ச் ஏத்தினா போதும். அதுக்குக் குறைஞ்சா கல்லு உரசும்."

"அடடா, மூணுன்னா கம்பீரமா இருந்திருக்கும்" என்றார் டப்பாக்காரர். அவ்வளவு சந்தோஷமான வருத்தத்தை நான் பார்த்ததில்லை.

"ஷாக் இறுக்கமா வேணுமாக்கா, மெத்துனு வேணுமா? இறுக்கமானது லோடை நல்லா பிடிக்கும். காலியா வர்றப்ப பல்லு ஆடும்."

"போறப்ப தேனீ, வர்றப்ப நாங்க. ரெண்டு பேரும் கொட்டாத மாதிரி நடுத்தரமா ஒண்ணு குடு."

5.

பெயர்த்த பலகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தேன்காரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தப் பலகை என்ன கனம்?"

"அரை இஞ்ச். நூல் பிசகாது" என்றார், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம் என்று தெரியாமல்.

"தம்பி, நாலு சக்கரத்துக்கு முன்னாடியும் ஒவ்வொண்ணு போடு. ஏத்தினா எப்படி இருக்கும்னு இப்பவே பார்த்துடலாம்."

அவள் ஏறி, வண்டியைப் பலகைமேல் நகர்த்தி நிறுத்தி, பக்கத்துக் கதவைத் திறந்தாள். "ஏறுங்க."

ஏறினார். இறங்கினார். இரண்டாவது பலகை. பல்லைக் கடித்து ஏறினார். "செருப்பு வழுக்குது" என்றார்.

"செருப்பா? நம்ம வீட்டுப் பின்வாசல்ல டப்பாத் தடம் வட்டம் வட்டமா கிடக்கு. ரெண்டு வாரமா கூட்டிப் பெருக்குறேன்."

(ஆக, நான் வாயை மூடிக்கொண்டது வீண்.)

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவ."

"கேட்டை யாரு திறப்பா, தேனீயா?" என்றவள், சிரிப்பை விழுங்கினாள். "பக்கத்துல நீங்க இல்லாம எனக்கு ஓட்டவே பிடிக்காது. ஒரு இஞ்ச் போதும் தம்பி. கல்லு உரசுனா உரசட்டும்."

"சைலென்சர் கழண்டு விழுந்தா? போன வருஷம் மாதிரி ஆனா அந்தத் தோட்டத்துக்காரரு அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டாரு." டப்பாக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். "போடுப்பா மூணாவது பலகையை!"

6.

முடிவு ஒன்று: ஏறிவிடுகிறார், ஷெட்டே கைதட்டுகிறது. (எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: சனிக்கிழமை தேன்காரி தனியாகப் போகிறாள். முதல் கேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், பக்கத்து சீட்டைப் பார்த்து... (எழுதவே மாட்டேன்.)

முடிவு மூன்று: மெக்கானிக் ஒன்றேகால் இஞ்ச் என்று ஏதோ... (கால் இஞ்ச் பலகை கதையில் இல்லை.)

ஸ்கூட்டர் தயாராகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். நான் பார்த்த கடைசிக் காட்சியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். மூன்றாவது பலகைமேல் வண்டி நிற்கிறது. தேன்காரி சீட்டின் குறுக்கே சாய்ந்து கையை நீட்டியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் வண்டி ஏற அவர் பிடித்திராத கை, இப்போது பிடித்திருக்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள், சிரிப்பில் பிடி நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறார்கள்.

ஏற்றிவிடுவதோ, பலகையை உருவுவதோ உங்கள் இஷ்டம். எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம். மனுஷன் காலைத் தூக்கியபடியே நிற்கிறார்.