வெள்ளைத் தீற்றல்

ஓவியர் வீட்டு முன்னறையில் இருந்த பெரிய படம் ஏழாயிரத்து நூற்றுப் பதினெட்டு நாட்கள் காயாமல் இருந்தது. மறுநாள் காலை அருங்காட்சியகத்திலிருந்து வந்த இரண்டு ஆட்கள் அதை வெறுங்கையால் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கையில் எதுவும் ஒட்டவில்லை. அப்படியும் அவர்களில் ஒருவர் பழக்கத்தில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

எண்ணெய் வண்ணம் கொடியில் போட்ட துணியைப் போலக் காய்வதில்லை. அதிலிருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். மெல்லிய பூச்சு ஒரு வாரத்தில் இறுகிவிடும், கத்தியால் அப்பிய கனத்த பூச்சுக்குச் சில மாதங்கள் ஆகும். பழுப்பு முதலில் காயும், வெள்ளை கடைசியில் காயும். ஓவியர் தன் வாழ்நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு நிலக்காட்சிகள் வரைந்தார். இருநூற்றுப் பதினொன்று இந்த விதிப்படி காய்ந்தன.

காயாத படம் வரையப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பில். குவாரியில் அறுபதடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஓவியரின் அண்ணன் மோட்டார் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் ஊர்க் கிணறுகளில் மூழ்கி, மோட்டார் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வைக் கழற்றுவார். ஏழாம் நாள் தம்பியின் மூன்றுகால் தாங்கியையும் கித்தானையும் தோளில் சுமந்துகொண்டு போவார். குவாரியில் காற்று அதிகம். தாங்கி சாயாமலிருக்க அதை முப்பதடி நைலான் கயிற்றால் பாறையோடு இழுத்துக் கட்டுவது அவருடைய வேலை. கட்டி முடித்ததும் தண்ணீரில் இறங்கிவிடுவார். தம்பிக்கு நீச்சல் தெரியாது. அண்ணன் நீந்துவதைப் பார்த்தால் தண்ணீர்தான் அவரைச் சுமக்க ஆசைப்படுகிறது என்று தோன்றும்.

அந்த ஞாயிறு காலை வீட்டில் சிறிய சண்டை. சமையலறைக் குழாய் ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. “ஊர் மோட்டாரெல்லாம் ஓடுது, நம்ம வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட ஆளில்ல” என்றார் அண்ணனின் மனைவி. ஓவியருக்கு அவர் அண்ணி. பிறகு தெருவே அவரை அண்ணி என்று அழைத்ததால் இங்கும் அப்படியே சொல்லலாம். அண்ணன் சிரித்துக்கொண்டே தாங்கியைத் தோளில் ஏற்றினார். அண்ணிக்குக் கோபம் ஏறியது. “போங்க. அங்கேயே இருந்துக்கோங்க. திரும்பி வரவே வேண்டாம்.” “உத்தரவு” என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் உடல் மேலே வந்தது.

ஓவியர் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரிதான். தான் தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை. குவாரியை வரையப் போனவர் குவாரியைப் பார்க்கவில்லை என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. இன்ஸ்பெக்டர் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். வானம் சீழ் மஞ்சள். பாறைகள் உரித்த தசையைப் போலச் சிவப்பு. தண்ணீர் தாரைப் போலக் கறுப்பு, அதன் வலது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தீற்றல். “இவர் எதையும் பார்த்து வரையற ஆளில்லைன்னு படமே சொல்லுதே” என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். படம் பட்டு அவருடைய சட்டைக் கை கறுத்தது. பிறகு அண்ணியிடம் திரும்பி, “கிணத்துல முங்கறதையே தொழிலா வெச்சிருந்தவரு சும்மா முழுகுவாராம்மா? வீட்ல ஏதாவது பேச்சா?” என்று கேட்டார். அண்ணி குழாய்ச் சண்டையை ஒரு சொல் விடாமல் சொன்னார். அவராகவே எடுத்த முடிவு என்று கோப்பு மூடப்பட்டது. அண்ணியும் அதையே நம்பினார். வேறு காரணம் கிடைக்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் ‘வர்றேன்’ என்று சொல்லாமல் அண்ணி வாசலை விட்டு நகர விடுவதில்லை. தபால்காரர் சொன்னார். சிலிண்டர் கொண்டுவருபவர் சொன்னார். மின் அளவு எடுக்க வந்த புது ஆள் ஒருவர், “நான் ரெண்டு மாசம் கழிச்சுத்தாங்க வருவேன்” என்று தயங்கியபோது, “அதையே சொல்லிட்டுப் போங்க” என்றார் அண்ணி. குழாய்க்கு அவரே வாஷர் வாங்கிப் போட்டார். குழாய் ஒழுகுவது நின்ற வாரத்தில் படத்திலிருந்து சொட்டத் தொடங்கியது.

கீழே ஒரு தகரத் தட்டு வைத்தார்கள். ஒரு நாளில் மூன்று தேக்கரண்டி கறுப்புத் தண்ணீர் சேர்ந்தது. பாசி வாசம் அடித்தது. அண்ணி தினமும் காலையில் தட்டைக் கொட்டுவார், பிறகு படத்தின் இடது கீழ் மூலையில் கட்டைவிரலை லேசாக அழுத்திப் பார்ப்பார். வெளியில் தெரியாத இடத்தில்தான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓவியர் சொல்லிக்கொடுத்திருந்தார். விரல் கறுக்கும். பழந்துணியில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். கணவர் போன ஆறாம் மாதம் வீட்டுப் பெயிண்ட் விற்கும் கடையில் வண்ணம் கலக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். படம் காயாததைப் பற்றிக் கடையில் கேட்டால், “மழைக்காலம் போகட்டும்” என்பார். பத்தொன்பது மழைக்காலங்கள் போயின.

ஓவியர் பேர் பெற்றார். மரங்களைச் சிவப்பாக வரைவதால் ஊரில் அவருக்குச் ‘செவப்பு மரம்’ என்று பட்டப்பெயர். எதிர்வீட்டு லாரிக்காரர், “நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு எந்த ஊரைப்பா வரையறே?” என்று கேட்பார். ஓவியர் எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார்: “நான் பார்த்ததை வரையறதில்ல. உள்ள இருக்கறத வரையறேன்.” வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து காயாத படத்தின் முன் நின்றார்கள். அந்த வெள்ளைத் தீற்றலைப் பற்றி ஒரு பேராசிரியர் பதினான்கு பக்கம் எழுதினார். எதையும் குறிக்காத ஒரு கோடு ஒரு நிலப்பரப்பையே கதற வைக்கிறது என்பது அதன் சாரம். அண்ணி அதில் மூன்று பக்கம் படித்துவிட்டு, “இது என்ன தம்பி?” என்று தீற்றலைக் காட்டிக் கேட்டார். “வெளிச்சம் அண்ணி” என்றார் ஓவியர். அன்று அவர் சாப்பிடவில்லை. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பல நாட்கள் சாப்பிடுவதில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை, தண்ணீர் இருக்கும் எந்த இடத்தையும் மறுபடி வரையவுமில்லை.

ஒன்பதாம் ஆண்டில் குவாரியை இடிபாடுகள் கொட்டி மூடி அதன்மேல் மூன்று மாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். அத்தனை தண்ணீரும் எங்கே போனது என்று நகராட்சிப் பொறியாளர் தன் அறிக்கையில் கேள்விக்குறி போட்டிருந்தார். அந்த மாதத்திலிருந்து தகரத் தட்டு நாளொன்றுக்கு இரண்டு முறை நிறைந்தது. அண்ணி பெரிய தட்டாக மாற்றினார். பதினோராம் ஆண்டில் படத்திலிருந்த தண்ணீர் ஒரு விரற்கடை உயர்ந்தது. முன்னால் இருந்த மூன்று பாறைகளில் சிறியது உள்ளே போய்விட்டது. பேராசிரியர் தன் கட்டுரையின் இரண்டாம் பதிப்பில் பாறைகளின் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டார். ஈக்கள் அந்தக் கறுப்பில் விழுந்து மூழ்கின. அவை மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளவில்லை, உள்ளே இறங்கின. அருங்காட்சியகத்திலிருந்து ஒரு நிபுணர் ஆறு முறை கருவிகளோடு வந்தார். ஆறு முறையும் ஒன்றையே எழுதினார்: ‘வரைந்து முடித்து இருபது நிமிடம் ஆகியிருக்கலாம்.’ ஒவ்வொரு முறையும், “வர்றேன்மா” என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் அருங்காட்சியகம் காத்திருப்பதை விட்டுவிட்டது. கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, அடியில் வடிகுழாய் வைத்து, ஈரத்தோடு கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பெட்டி ஒரு நாள் முன்னதாக வந்து முன்னறையில் இறங்கியது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்தால் போதும் என்று கடிதத்தில் இருந்தது. ஓவியருக்கு அப்போது மணிக்கட்டில் நடுக்கம் இருந்தது. ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் அண்ணி. பாதி வழியில் ஓவியரின் கை தளர்ந்தது. சட்டம் சரிந்தது. தடுக்கப் போன அண்ணியின் கட்டைவிரல் வெள்ளைத் தீற்றலின்மேல் அழுந்தியது.

படத்தை இறக்கி வைத்ததும் அண்ணி பழந்துணியை எடுத்தார். துடைக்க ஒன்றுமில்லை. தீற்றலை மறுபடி அழுத்தினார். நகத்தால் சுரண்டினார். பக்கத்திலிருந்த கறுப்பைத் தொட்டார், விரல் கறுத்தது. அந்தத் தீற்றலை இத்தனை ஆண்டுகளில் யாரும் தொட்டதில்லை. நிபுணரே அதைக் கெடுத்துவிடக் கூடாதென்று வேறு இடங்களில்தான் கருவியை வைத்திருந்தார்.

“தம்பி, வெள்ளைதானே கடைசியாக் காயும்?”

“ஆமா அண்ணி.”

“இது காஞ்சுபோயிருக்கு. நேத்து காஞ்சது இல்ல, கல்லு மாதிரி இருக்கு.”

ஓவியர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி குனிந்து தீற்றலைப் பார்த்தார். பெயிண்ட் கடையில் பத்தொன்பது ஆண்டுகள் நின்ற கண். ஒரே வெள்ளை இல்லை அது. ஒரு பக்கம் வெயில் பட்ட மஞ்சள், மறுபக்கம் நிழலின் நீலம், நடுவில் மனிதத் தோலில் வரும் மெல்லிய பழுப்பு. படத்திலிருந்த மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் எந்த ஊரிலும் இல்லாத நிறங்கள். இந்த ஒன்று மட்டும் உள்ளது உள்ளபடி இருந்தது.

“இது நினைச்சு வரைஞ்சதா, பார்த்து வரைஞ்சதா?”

தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழ வழக்கத்தைவிட நேரமாயிற்று.

“பார்த்து.”

“தண்ணிப் பக்கமே பார்க்கலைன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“என்ன தம்பி இது?”

“அண்ணன் கை.”

அண்ணி தரையில் உட்கார்ந்தார். கேட்பதற்குப் பல கேள்விகள் இருந்தன. பத்தொன்பதரை ஆண்டுகளாக அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்.

“கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டாரு. கால் இழுத்துக்கிச்சு போல. கயிறு, கயிறுன்னு கத்துனாரு.”

“கயிறு இருந்துச்சே.”

“ஸ்டாண்டுல கட்டியிருந்துச்சு அண்ணி. அவுத்தா படம் சாஞ்சிருக்கும்.”

அண்ணி பழந்துணியை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். “அப்போ அவர் வரத்தான் பார்த்திருக்காரு” என்றார். ஓவியரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு அதையே இன்னொரு முறை சொன்னார். தட்டில் வேறு சொட்டு விழவில்லை.

ஓவியர் நாற்காலியை விட்டார். அவர் சொல்லாமல் வைத்திருந்தது இன்னும் கொஞ்சம் இருந்தது. கேட்கப்படாவிட்டாலும் சொன்னார்.

“அந்தக் கை மூணு தடவை மேல வந்துச்சு அண்ணி. மொதல் தடவை என்னன்னு பார்த்தேன். ரெண்டாவது தடவை வரைஞ்சேன். மூணாவது தடவை, வரைஞ்சது சரியா இருக்கான்னு ஒத்துப் பார்த்தேன்.”