எட்டரையிலிருந்து இரண்டு வரை

தட தட தட!

பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ வெளியிலிருந்து அடித்தார்கள். ஊரார் வண்டித் தகரத்தை அடித்தே குடும்பம் நடத்துகிற மனிதருடைய தகரத்தை வேறொருவர் அடித்தது அன்றுதான் முதல் தடவை.

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். எதிரே ஒரு காரின் கதவு கழற்றிக் கிடந்தது. குனிந்து வெளியே பார்த்தார்.

"முன்பக்கமா சார், பின்பக்கமா?"

"வண்டி இல்லீங்க. நகராட்சியிலேர்ந்து வர்றேன். உங்க சத்தத்தைப் பத்திப் புகார். ஏழு நாளைக்குள்ள பதில் கொடுக்கணும். இல்லேன்னா கடைக்கு சீல்."

தாளைக் கையில் திணித்துவிட்டு வந்தவர் போய்விட்டார். டிங்கர் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது காது மடல் சிவந்துவிட்டது.

"ஏய், இங்க வா!"

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி மனைவி வந்தாள். வாழ்நாளில் ஒரு சுத்தியலைக்கூடத் தூக்கியதில்லை என்றாலும் தெருவில் அவளுக்கு டிங்கரம்மா என்றுதான் பெயர்.

"இருபது வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா? இவங்க குடிவந்து ரெண்டு வருஷம் ஆகல. சீலாம், சீலு!" எதிரே நின்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பை அண்ணாந்து பார்த்து உறுமினார். "போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"நீங்க கேட்டா சீல் கடைக்கு இல்ல, உங்களுக்கே வெச்சிடுவாங்க. நான் பாத்துக்கறேன். கடையை மூடக்கூடாதுன்னு எழுதி, தெருவுல எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடலாம்."

அப்போதுதான் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா தோள்பையுடன் திரும்பிக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி. ஷெட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். ஒருமுறை தகடு கிழித்து டிங்கரின் உள்ளங்கை பிளந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்து கட்டுப் போட்டவர் இவர்தான்.

விஷயத்தைக் கேட்டதும் நர்ஸ் அக்கா தோள்பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"சீல் வைக்கிற அளவுக்கா?"

"அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"நீ எழுதிக் கொண்டா. நான்தான் முதல்ல போடுவேன்."

சொன்னபடியே மாலையில் ட்யூட்டிக்குக் கிளம்பும்போது, தாளை வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் டிங்கரம்மா சலவைக் கடையில் தொடங்கினாள். கடைக்காரர் தாளை இஸ்திரி மேஜைமேல் விரித்து, சட்டையைத் தடவுவது போலத் தடவினார்.

"போடறேன் அண்ணி. ஆனா கடைசியில, மூலையில, சின்னதா போடறேன்."

"ஏன், உங்க பேரு என்ன ரகசியமா?"

"முன்னெல்லாம் இந்தத் தெருவுல கசங்கின சட்டையோட போனா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. இப்ப எதிர் மாடிக்காரங்க தூங்கறப்போ போடற பேண்ட்டைக்கூட மடிப்புக் கலையாம கேக்கறாங்க. அவங்களைப் பகைச்சுக்க முடியுமா?" கையெழுத்தைப் போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஆனா பாருங்க, அவங்க வந்து வாடகை ஏறினதாலதான் கட்டடத்துக்காரர் என்னை அடுத்த வருஷம் காலி பண்ணச் சொல்றாரு. யாரைத் திட்டறதுன்னே புரியல அண்ணி. காலையில அவங்களைத் திட்டறேன், சாயங்காலம் அவங்க துணியையே தேய்க்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவளுக்கும் அந்தக் குழப்பம் உண்டு. முன்பு இந்தத் தெருவில் மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இப்போது நடைபாதை இருக்கிறது, விளக்கு எரிகிறது, உட்கார ஒரு பெஞ்சுகூட இருக்கிறது. ஆனால் அந்தப் பெஞ்சுக்கு எதிரே சைக்கிள் கடை இல்லை. அது இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை வந்திருக்கிறது. அந்தக் கதவை இழுக்க வேண்டுமா, தள்ள வேண்டுமா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உள்ளே போனதுமில்லை.

ஷெட்டுக்கு வரும் வண்டிகளும் மாறிவிட்டன. பழைய தெருக்காரர்கள் ஒடுக்கு விழுந்த வண்டியை அப்படியே ஓட்டுவார்கள். புதியவர்கள் ஒரு கோடு விழுந்தாலும் கொண்டுவந்து விடுவார்கள். டிங்கர் யாரைத் திட்டிக்கொண்டிருந்தாரோ, அவர்கள் வண்டியைத்தான் நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர்களில் முக்கியமானவர் ஏழாம் மாடியில் இருக்கும் நாய்க்காரம்மா. ஒரே தூணில் இரண்டு தடவை வண்டியை இடித்தவர். புகார் கொடுத்தது அவராகத்தான் இருக்கும் என்பது டிங்கரின் தீர்ப்பு.

அன்று மாலை ஏழு மணிக்கு அவர் நாயுடன் குடியிருப்பு வாசலுக்கு வந்தபோது டிங்கரம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

"நானா? ஐயோ, நான் எதுக்குங்க புகார் கொடுக்கறேன்? எட்டு மணிக்குக் கிளம்பினா இப்பதான் வர்றேன். எங்க மாடியில எல்லாருமே அப்படித்தான், பகல்ல ஆளே இருக்காது. ஞாயித்துக்கிழமை உங்க கடை லீவு. உங்க வீட்டுக்காரர் சுத்தியல் சத்தத்தை நான் கேட்டதே இல்ல."

"அப்ப வேற யாரா இருக்கும்?"

"யார் வேணா இருக்கலாம்ங்க. இதோ, நகராட்சிப் புகார் நம்பரைப் பெரிசா எழுதி எங்க வாசலுக்கு வெளியிலயே ஒட்டியிருக்கோமே. குப்பை, விளக்கு, சத்தம், எதுக்கு வேணா போன் பண்ணலாம்." தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "கடையை மட்டும் மூடிடாதீங்க. அந்தத் தூண் இன்னும் அங்கேயேதான் இருக்கு."

டிங்கரம்மா திரும்பி வந்து விவரம் சொன்னாள். டிங்கர் நம்பவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டா யோக்கியமா? இவங்கள்ல ஒருத்தர்தான். வேற யாருக்குத் தைரியம் வரும்?"

ஐந்தாம் நாள் காலை அவள் முப்பத்தொரு கையெழுத்துகளுடன் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நோட்டீஸ் கொண்டுவந்தவரே மேஜைக்குப் பின்னால் இருந்தார். கையெழுத்துகளைப் பார்த்துவிட்டு, மேலே இருந்த பெயரில் ஒரு கணம் கண்ணை நிறுத்தினார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. ஆனா கேட்டது என்னன்னு சொல்லலாம். எங்க நோட்டீஸ் எல்லாருக்கும் ஒரே அச்சு. சீல்னு போட்டுடுவோம். புகார்ல அப்படி இல்ல." கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். "'கடையை மூட வேண்டாம். வேலையை நிறுத்தவும் வேண்டாம். காலை எட்டரை மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை மட்டும் சுத்தியல் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும்.'"

"எட்டரையிலேர்ந்து ரெண்டா?"

"நானும் யோசிச்சேன். எல்லாரும் ராத்திரி சத்தம்னுதான் வருவாங்க. பகல்ல ரெண்டு மணி வரைக்கும் அமைதி கேட்டு ஒரு புகார் நான் பார்த்ததே இல்ல. நீங்க அந்த நேரத்துக்கு ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா, கோப்பை மூடிடலாம்."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். பன்னிரண்டு மாடியின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. எட்டரைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? சலவைக் கடைக்காரர் பாட்டை அலறவிட்டுக்கொண்டுதான் தேய்ப்பார். அந்த நேரத்தில் அமைதி யாருக்கு வேண்டும்?

ஷெட்டிலிருந்து சத்தம் தெருமுனைக்கே கேட்டது. டங், டங், டங். அவளுக்கு அது கடிகாரச் சத்தம் மாதிரி. நின்றால்தான் காது தேடும். இன்று முதல் தடவையாக அதை வெளியாள் போல நின்று கேட்டாள். பிறகு ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். ஜன்னல் கதவுகள் இறுகச் சாத்தி, உள்பக்கம் அட்டை வைத்து அடைத்திருந்தது. அந்த அட்டையை எத்தனை வருடமாகப் பார்க்கிறாள்! வெயிலுக்காக என்று நினைத்திருந்தாள். அந்த ஜன்னல் பக்கம் வெயிலே விழுவதில்லை.

உள்ளே போய்க் கணவரின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏன், யாருன்னு தெரிஞ்சிதா?"

"பள்ளத்துக்குப் பட்டி பூசறது, உப்புத்தாள் தேய்க்கறது, பெயின்ட் வேலை, இதையெல்லாம் காலையில வெச்சுக்கிட்டு, அடிக்கிற வேலையை ரெண்டு மணிக்கு மேல வெச்சுக்கிட்டா என்ன கெட்டுப்போகும்?"

டிங்கர் யோசித்தார். "ஒண்ணும் கெடாது. வெயில் இருக்கிறப்போ பெயின்ட் சீக்கிரம் காயும்கூட. ஆனா எவனோ சொல்றான்னு நான் ஏன் மாத்தணும்?"

"எவனோ இல்ல. இன்னைக்கு ஒரு நாள் நிறுத்துங்க. மத்ததை வந்து சொல்றேன்."

அவர் முணுமுணுத்தபடி உப்புத்தாளை எடுத்தார்.

இரண்டு மணிக்கு மேல் அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். நர்ஸ் அக்கா திறக்க வெகு நேரமாயிற்று. கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். ஏதோ ஊருக்குப் போய்த் திரும்பியவர் போலத் திகைத்து நின்றார்.

"மணி என்ன? இன்னைக்குக் கடை லீவா?"

"இல்லக்கா." டிங்கரம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் பக்கத்துல இருந்துட்டு, நீங்க எப்பத் தூங்குவீங்கன்னு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

நர்ஸ் அக்காவின் தூக்கம் சட்டென்று கலைந்தது. அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் காபி எடுத்து வந்தார். ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

"சீல்னு எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. அதான் ஓடிவந்து முதல் கையெழுத்தைப் போட்டேன்."

"அது புரியுதுக்கா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? இந்தச் சுவரைத் தட்டியிருந்தாக்கூடப் போதுமே? இருபது வருஷம்!"

நர்ஸ் அக்கா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே அடைத்திருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"சத்தமில்லாம இருங்கன்னு ஒருத்தர் கேட்கலாம்கிறதே, எதிர் மாடிக்காரங்க குடிவந்து அந்தப் புகார் நம்பரை ஒட்டின பிறகுதான்ம்மா எனக்குத் தெரிஞ்சுது."