லோகன் மென்ற வாய்க்கரிசி

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய லோகன், இறந்த மறுநாள் தனக்குப் போட்ட வாய்க்கரிசியை மென்று விழுங்கினார். முதல் பிடியைப் போட்டவர் அவருடைய அக்காள் இராஜம்மா. பச்சரிசி நொறுங்கும் சத்தம் கூடாரத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. மூச்சு இல்லை, நாடி இல்லை. தாடை மட்டும் அசைந்தது. பெட்டியை மூட முடியவில்லை.

மனைவி கௌசலாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் கட்டிக் கொடுத்த சோற்றைத் திறப்பதற்குள் லோரியிலேயே நெஞ்சு அடைத்து மனுஷன் சாய்ந்துவிட்டார். டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. "பசியோட அனுப்ப மாட்டேன்" என்று எழுந்துபோய், பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதையும் மீறி உலை வைத்தாள். சோற்றில் ரசம் விட்டு, நெத்திலிச் சம்பல் பிசைந்து ஊட்ட ஊட்ட லோகன் தின்றார். வயிறு பெட்டி விளிம்புக்கு மேலே எழும்பியது. அடியில் போட்டிருந்த பெஞ்சு கிறீச்சிட்டது.

"அக்கா, மின்சுடலையில நம்ம நேரம் போச்சுன்னா நாளைக்குத்தான் லா. இந்த வெயில்ல தாங்காது" என்றான் வேன்காரன் கன்னையா.

"தாங்குறவரைக்கும் சாப்பிடட்டும்" என்றாள் கௌசலா.

இராஜம்மா அவள் கையைப் பிடித்தாள். "அவனுக்குப் பசின்னு யாருடி சொன்னா? உப்பு ரெண்டு தடவ போட்ட கறியவே ஒரு வார்த்த சொல்லாம தின்னவன். நீ போடுறவரைக்கும் போதும்னு சொல்லவே மாட்டான்."

கௌசலா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிய இமையோரம் நீர் கோத்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை திணறியது. கல்யாணமான நாளிலிருந்து, அவள் தண்ணீர் ஊற்றினால்தான் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுவார்.

அடுத்த கவளம் அவள் விரலிலேயே நின்றது. கன்னையா மணியைப் பார்த்தான். அவள் கவளத்தைத் தட்டில் வைத்தாள். சேர்த்துக் கட்டியிருந்த கைப் பெருவிரல்களை அவிழ்த்து, வலது கையைத் தட்டுக்கு மேலே பிடித்து, செம்புத் தண்ணீரை ஊற்றி விரல் விரலாகக் கழுவிவிட்டாள்.

லோகன் ஓர் ஏப்பம் விட்டார். தாடை நின்றது. வயிறு இறங்கியது.

தினமும் "பாத்துப் போயிட்டு வாங்க" என்பவள், "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அந்தத் தாமான் குடியிருப்பில் இப்போது வாய்க்கரிசித் தட்டோடு ஒரு செம்புத் தண்ணீரும் வைக்கிறார்கள். போன மாதம் ஒரு பெரியவர் மென்றார். மகன் உடனே ஊற்றினான். வேன் நேரத்துக்குக் கிளம்பியது.